பழுதான பிரிட்ஜைக் கடை திருப்பி எடுக்க மறுத்தால்

விசுவமடுவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டது சுருக்கமாக இது. கிளிநொச்சியில் ஒரு கடையில் தவணைக்கு பிரிட்ஜ் வாங்கி ஐந்து கிழமை ஆகிறது. மேலே ஐஸ் பிடிக்கிறது, கீழ்த்தட்டில் வைத்த பால் திரிந்து போகிறது. கடையில் கேட்டால், "நாங்கள் விக்கிற ஆக்கள் மட்டும்தான், கொம்பனிக்குப் போன் அடியுங்கோ" என்கிறார்கள். கொம்பனிக்கு அடித்தால் "பதிஞ்சிருக்கு, ஆள் வருவார்" என்கிறார்கள். ஆள் வரவில்லை. பில்லின் அடியில் 'விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. மட்டைப் பெட்டியை எறிந்தாயிற்று. லண்டனில் இருக்கும் அண்ணன், 30 நாள் கடந்துவிட்டதால் இனி ஒன்றும் செய்ய ஏலாது என்கிறார். இனி என்ன செய்வது, தவணைக் காசைக் கட்டாமல் விடலாமா என்பதுதான் கேள்வி.

சில வருடங்கள் மத்தியஸ்த சபையில் இருந்தவன் என்ற முறையில், இந்த மாதிரிப் பிணக்குகளை இரண்டு பக்கத்தில் இருந்தும் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அண்ணனின் கணக்கைத் தள்ளி வையுங்கள். அவர் சொல்லும் 30 நாள் பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் வாங்க அங்கே அவ்வளவு நாள். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. யூடியூப்பில் தமிழ்நாட்டு வக்கீல்மார் விளக்கும் நுகர்வோர் ஆணையமும் அப்படித்தான். அது இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம்தான், ஆனால் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம்.

உங்களுக்கான காலக்கெடு மூன்று மாதம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பொருளை விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கச் சொல்கிறது. இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கணக்கு தொடங்குவது பழுது தெரிந்த நாளில் இல்லை, விற்ற நாளில். அடுத்தது, எழுத்தில். கொம்பனிக்கு எத்தனை முறை போன் அடித்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது. வன்னியில் நான் பார்த்த அளவில் சனங்கள் தோற்றுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடைக்காரர் கெட்டவர் என்பதாலோ சட்டம் பாதகமாக இருப்பதாலோ அல்ல. "நாளைக்கு ஆள் வருவார், அடுத்த கிழமை பார்ட்ஸ் வரும்" என்று நாலு மாதம் ஓடிப்போகும். கடைசியில் கையில் ஒரு துண்டுக் கடிதமும் இருக்காது. உங்களுக்கு இன்னும் ஏழெட்டுக் கிழமை இருக்கிறது. அது போதும், ஆனால் இன்றைக்கே தொடங்க வேண்டும்.

கொம்பனிக்கு அடியுங்கோ என்ற பதிலுக்கு வருவோம். நீங்கள் காசு கொடுத்தது யாருக்கு, பில் தந்தது யார்? கடைதான். உங்களுடைய ஒப்பந்தம் கடையோடு. எங்கள் நாட்டில் பொருள் விற்பனை பற்றிய சட்டம் மிகப் பழையது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் தன்னுடைய 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து இங்கே எழுதி வைத்தது. ஒரு வகைப் பொருளை வழக்கமாக விற்கும் வியாபாரி அந்தப் பொருளை விற்றால், அது விற்பதற்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யாரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அந்த விற்பனைக்குள் இருக்கிறது என்கிறது அது. குளிராத பிரிட்ஜ் அந்தத் தரத்தில் இல்லை. இதற்கு வொரண்டி அட்டை தேவையில்லை. வொரண்டி என்பது கொம்பனி மேலதிகமாகத் தரும் வாக்கு. அது இருக்கிறது என்பதற்காகக் கடையின் பொறுப்பு இல்லாமல் போகாது. அட்டையில் முத்திரை குத்தவில்லை, அட்டையைத் தொலைத்துவிட்டோம், இணையத்தில் பதியவில்லை என்று கொம்பனி ஆயிரம் சொல்லலாம். கடை அதைச் சொல்லித் தப்ப முடியாது.

அந்தச் சட்டத்தில் ஒரு கொக்கியும் இருக்கிறது. வாங்கும்போது நீங்கள் பொருளைப் பார்த்துச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்ல முடியாது. கதவில் நெளிவு, கண்ணாடித் தட்டில் வெடிப்பு போன்றவை அந்த வகை. உள்ளே இருக்கும் பழுது கடையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியப் போவதில்லை, அதனால் உங்களை அது பாதிக்காது. இன்னொன்று, பழுது தெரிந்த பிறகும் நியாயமான காலம் கடந்து பேசாமல் வைத்துப் பாவித்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். ஏற்றுக்கொண்டால் நட்டஈடு கேட்கலாமே தவிர, பொருளைத் திருப்பித் தள்ளும் உரிமை போய்விடும். நியாயமான காலம் எவ்வளவு என்று சட்டம் நாள்கணக்கு வைக்கவில்லை. அதனால்தான் உடனே எழுதச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்களுக்கு மிகவும் உதவுகிற, ஆனால் யாருக்கும் தெரியாத ஒரு விதியும் அதே சட்டத்தில் உண்டு. பொருளை மறுக்க உங்களுக்கு உரிமை இருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் வைக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாத வரைக்கும், 'நான் இதை ஏற்கவில்லை' என்று அறிவித்தாலே போதும். விசுவமடுவில் இருந்து பரந்தன் வரைக்கும், பிறகு கிளிநொச்சி வரைக்கும் ஒரு பட்டா லொறியைப் பிடித்து பிரிட்ஜைக் கொண்டுபோய் இறக்கி, "மெக்கானிக் இல்லை, திங்கட்கிழமை வாங்கோ" என்று கேட்டுவிட்டுத் திரும்ப ஏற்றி வருகிற சனம் இருக்கிறது. அந்தச் செலவுக்கு ஒரு சின்ன பிரிட்ஜின் தவணை கட்டலாம். கொண்டுவரச் சொன்னால், வாகனச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு மெக்கானிக்கே வீட்டுக்கு வருவார்.

பில்லின் அடியில் அச்சடித்த வரிக்குப் பயப்பட வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு வாங்குகிற ஒருவரிடம், தரம் பற்றிய அந்த உள்ளுறை நிபந்தனையை இப்படி ஒரு வரி போட்டு நீக்க முடியாது. அந்த வரி ஒரே ஓர் இடத்தில்தான் வேலை செய்யும்: பொருள் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு நிறம் பிடிக்கவில்லை, அல்லது மச்சாள் வாங்கியது இதைவிடப் பெரிது. அப்போது கடை மாற்றித் தந்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இங்கே கடைக் கொள்வனவுக்குக் கிடையாது. இதைச் சொல்வது, பழுதில்லாத சாமானைக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்துக் கடைக்காரரின் பொறுமையைத் தீர்த்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதற்காக.

மட்டைப் பெட்டி இல்லாதது ஒரு குறையே இல்லை. பழுதான பொருளுக்குப் பெட்டி கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பில்தான் முக்கியம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கடைகளில் தரும் பில் அநேகமாகச் சூட்டில் அச்சாகும் மெல்லிய தாள். ஓட்டுக்குக் கீழே அலுமாரியில் வைத்தால் ஒரு வருடத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இன்றைக்கே போனில் படம் எடுங்கள், ஒரு போட்டோக்கொப்பியும் எடுத்து வையுங்கள். பிரிட்ஜின் பின்புறமோ உள்பக்கமோ ஒட்டியிருக்கும் மொடல் இலக்கம், தொடர் இலக்கம் இரண்டையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

அடுத்து வரப்போகிற பதிலுக்கு இப்போதே ஆயத்தமாக இருங்கள். மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டு, "இது கரண்ட் பிரச்சினை, வொரண்டியில் வராது" என்று சொல்ல வாய்ப்பு நிறைய. வன்னியில் எந்த மின்சாதனம் பழுதானாலும் பழி மின்னலிலும் குறைந்த வோல்டேஜிலும் விழும். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சித்திரை மாதத்து இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இங்கே மின்னல் பொல்லாதது. ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் ஆறு மணிக்கு பல்ப் மங்கி எரியும். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அதில் ஆறு வீதம் கூடலாம் குறையலாம், அதாவது ஏறத்தாழ 216இல் இருந்து 244 வரைக்கும். அதற்கு மேலோ கீழோ போய்ப் பொருள் எரிந்தால், அதைக் கடையின் தலையில் போடுவது நியாயமில்லை.

ஆனால் உங்களுடைய பழுதைப் பாருங்கள். மின்னல் அடித்தால் பொதுவாக எலெக்ட்ரோனிக் போர்ட் போகும், சாமான் அப்படியே செத்துவிடும். வோல்டேஜ் குறைந்து கம்பிரசர் எரிந்தால் எங்கேயும் குளிராது. மேலே ஐஸ் பிடித்துக் கீழே குளிராமல் இருப்பது வேறு சங்கதி. ஐஸ் தானாக உருகும் வகைப் பிரிட்ஜில், குளிர்ந்த காற்றை மேலிருந்து கீழே அனுப்ப ஒரு சின்ன விசிறி இருக்கும். சேர்ந்த ஐஸை உருக்க ஒரு ஹீற்றரும் சென்சரும் இருக்கும். அவற்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் ஐஸ் கட்டி காற்று வழியை அடைத்துவிடும், கீழே காற்று வராது. இது பெரும்பாலும் உள்ளே உள்ள பாகத்தின் குறை. ஒன்றை மட்டும் நீங்களே முதலில் பார்த்துவிடுங்கள்: பின்பக்கக் காற்று ஓட்டைகளை மறைத்துச் சட்டி அடுக்கியிருக்கிறீர்களா, கதவின் ரப்பர் சரியாக ஒட்டுகிறதா? கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சும்மா வழுகி வந்தால் ரப்பர் சரியில்லை. இவை எல்லாம் சரியாக இருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது.

மெக்கானிக் கரண்ட் என்று சொன்னால் வாயால் வாதாடாதீர்கள். "சரி தம்பி, எந்தப் பாகம் எரிந்திருக்கிறது, ஏன் வோல்டேஜ்தான் காரணம் என்று சொல்கிறீர்கள் என்பதை எழுதி, பெயரும் திகதியும் போட்டுத் தாங்கோ" என்று கேளுங்கள். உண்மையாகவே எரிந்திருந்தால் எழுதித் தருவார். சும்மா சொன்னவர் எழுதத் தயங்குவார், அல்லது கடைக்குப் போன் அடிப்பார். அவர் வேலை அட்டையில் எதையாவது எழுதிக் கையெழுத்துக் கேட்டால், வாசிக்காமல் போடாதீர்கள். அநேகமாக ஆங்கிலத்தில் இருக்கும். 'பாவனையாளரின் தவறு' என்று எழுதிய அட்டையில் விளங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு பேச இடமே இருக்காது. விளங்காவிட்டால் படம் எடுத்து யாருக்காவது அனுப்பிக் கேளுங்கள். அல்லது கையெழுத்துக்குப் பக்கத்தில் 'வாசித்து விளங்கவில்லை' என்று தமிழில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் வோல்டேஜ் உண்மையிலேயே ஏறி இறங்குகிறது என்றால், அதை மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அடித்துப் பதிந்து, தருகிற முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அது வேறு முறைப்பாடு, கடையோடு கலக்காதீர்கள்.

இந்த இடத்தில் தண்ணி மோட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வன்னியில் பிரிட்ஜைவிட மோட்டருக்குத்தான் சண்டை அதிகம். பழைய சட்டத்தில் இன்னொரு நிபந்தனை உண்டு. என்ன தேவைக்கு வாங்குகிறேன் என்பதை நீங்கள் வியாபாரிக்குச் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும். ஆனால் பிராண்டின் பெயரைச் சொல்லி "இதுதான் வேண்டும்" என்று நீங்களே கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒருவர் கடைக்குப் போய், "பக்கத்து வீட்டு அண்ணை வாங்கின அதே மோட்டர் தாங்கோ" என்கிறார். மாரியில் நன்றாக இழுக்கிறது. ஆவணியில் கிணறு கீழே போனதும் மோட்டர் சும்மா ஓடுகிறது, தண்ணி ஏறவில்லை, கொயில் எரிகிறது. மேலே வைத்து உறிஞ்சுகிற சாதாரண மோட்டர் எதுவாக இருந்தாலும் நடைமுறையில் இருபத்தைந்து அடிக்குக் கீழே இருந்து தண்ணியை இழுக்காது. காற்றழுத்தம் அதற்கு மேல் விடாது. அது மோட்டரின் பழுது இல்லை. அதே ஆள், "எங்கள் கிணறு கோடையில் முப்பத்தைந்து அடிக்குப் போகும், அதற்கு ஏற்றதைத் தாங்கோ" என்று கேட்டு, கடைக்காரர் இந்த மோட்டரைக் கொடுத்திருந்தால், பொறுப்பு கடைக்கு. கிணற்றின் ஆழத்தைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வரிதான்.

இனி உங்கள் கடிதம். கடைக்கு முதலில் ஒரு கடிதம் கொடுங்கள். நீதிமன்றப் பாஷை தேவையில்லை. இந்த மாதிரி இருந்தால் போதும்:

"இன்ன திகதியில் உங்கள் கடையில் இன்ன பில் இலக்கத்தில் இந்த மொடல், இந்தத் தொடர் இலக்கம் கொண்ட பிரிட்ஜை வாங்கினேன். இன்ன திகதியில் இருந்து கீழ்ப்பகுதி குளிரவில்லை. இன்ன திகதிகளில் உங்களுக்கும் கொம்பனிக்கும் தொலைபேசியில் அறிவித்தேன். இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. இந்தப் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இல்லாததால் இதை நான் ஏற்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்து பத்து நாட்களுக்குள் பழுதில்லாத வேறொன்றை மாற்றித் தரவும், அல்லது நான் கட்டிய காசைத் திருப்பித் தரவும். இல்லாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன்."

இரண்டு பிரதி எழுதுங்கள். நேரே கொண்டுபோனால் உங்கள் பிரதியில் கடை முத்திரையும் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம், நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கடிதம் போனதுமே விஷயம் முடிந்துவிடும். கடைக்காரரும் கொம்பனியோடு மல்லுக்கட்டுகிற ஆள்தான். உங்கள் கடிதம் அவருக்கும் கொம்பனியிடம் காட்ட ஒரு ஆதாரம். அவரை எதிரியாக நினைத்து எழுதாதீர்கள்.

திருத்தித் தருகிறோம் என்று சொன்னால் என்ன செய்வது? என் அபிப்பிராயம், ஒரு முறை விடுங்கள். ஐந்து கிழமை ஓடிய சாமானுக்கு ஒரு தடவையாவது திருத்த இடம் கொடுத்தவர் என்றால், பிறகு விசாரணையில் உங்கள் சொல்லுக்கு எடை கூடும். ஆனால் எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்குங்கள். கொண்டுபோனால், என்ன நிலையில் கொண்டுபோகிறார்கள், என்ன பாகம் மாற்றினார்கள் என்பதற்குத் துண்டு வாங்குங்கள். அதே பழுது திரும்ப வந்தால் இரண்டாவது முறை திருத்தச் சம்மதிக்க வேண்டாம், மாற்றீடு அல்லது காசு என்று நில்லுங்கள். இதற்கிடையில் மூன்று மாதக் கணக்கு நிற்காமல் ஓடுகிறது. அதனால் இரண்டரை மாதம் ஆனதும், திருத்தம் நடந்துகொண்டிருந்தாலும் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தால் பிறகு அறிவித்து முடித்துக்கொள்ளலாம்.

கம்பிரசருக்குப் பத்து வருட வொரண்டி என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அது பெரும்பாலும் கம்பிரசர் என்ற அந்த ஒரு பாகத்துக்கு மட்டும்தான். கூலி, காஸ் நிரப்புதல், போக்குவரத்து அதற்குள் வராது. உங்கள் பழுதுக்கு அந்தப் பத்து வருடம் பயன்படாது, முழுச் சாதனத்துக்கும் உள்ள காலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கடை அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. அவர்களுடைய உடனடி அழைப்பு இலக்கம் 1977. ஆனால் போனோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம், புதுக்குடியிருப்புப் பிரதேச செயலர் பிரிவு. கடை கிளிநொச்சி மாவட்டத்தில். எங்கே கொடுப்பது என்று குழம்ப வேண்டாம். கடை இருக்கிற இடத்து அதிகாரிகள்தான் போய் விசாரிக்க வேண்டும் என்பதால், கிளிநொச்சிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், விசாரித்துக் கொடுப்பதே லேசு. உங்களுக்கு முல்லைத்தீவு நகரத்தைவிட அது கிட்டவும் இருக்கிறது. முறைப்பாட்டோடு பில், வொரண்டி அட்டை, கடைக்கு எழுதிய கடிதம், பதிவுத் தபால் துண்டு, மெக்கானிக்கின் அறிக்கை எல்லாவற்றின் பிரதிகளையும் இணையுங்கள். மூலப் பிரதிகளைக் கொடுத்துவிடாதீர்கள்.

தமிழில் எழுதுங்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், உங்களுக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளையைத் தேடி அலைந்து நாளை வீணாக்க வேண்டாம்.

அதிகார சபை இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்கும். வொரண்டிக்கோ உள்ளுறையான உத்தரவாதத்துக்கோ ஒவ்வாத பொருளை விற்றது உறுதியானால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. கட்டளையை மீறினால் அது குற்றம், அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகத் தண்டப்பணம் அறவிடுகிற மாதிரி அறவிடலாம். இதற்குச் சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. ஆனால் வேகமாக நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். திகதி போடுவார்கள், கொம்பனி ஆள் வராமல் விடுவார், இன்னொரு திகதி வரும். பொறுமை வேண்டும்.

மூன்று மாதம் தாண்டிவிட்ட வேறு யாராவது இதை வாசித்தால், வழி முழுக்க அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடையோடு உள்ள ஒப்பந்த உரிமை தனியாக இருக்கிறது. அதற்கு நீதிமன்றம் போக முன்னம் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபைகள் இவை. சிறு தொகைப் பிணக்குகள் இங்கே வந்துதான் நீதிமன்றம் போக வேண்டும். அநேகமாகச் சனி, ஞாயிறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடும். நீங்கள் ஒருவரைத் தெரிவு செய்வீர்கள், கடைக்காரர் ஒருவரைத் தெரிவு செய்வார், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். சட்டத்தரணிமார் பேச முடியாது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சபைக்கு இல்லை, இணக்கம்தான் காண முடியும். இணங்காவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். உள்ளூர்க் கடையென்றால் இந்த இடம் நன்றாக வேலை செய்யும். ஊரில் நாலு பேருக்கு முன்னால் முகம் கொடுக்க வேண்டிய கடைக்காரர் பாதி விலையாவது தந்து முடிப்பார். கொழும்பில் தலைமைக் கந்தோர் வைத்திருக்கும் பெரிய காட்சியறை என்றால், அதிகாரமில்லாத ஒரு மனேஜரை அனுப்பிவிட்டு, "மேலிடத்தில் கேட்க வேணும்" என்று இழுப்பார்கள்.

வெளிநாட்டில் இருந்து காசு வந்து வாங்குகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அண்ணன் லண்டனில் இருந்து அனுப்பினாலும் பில்லை இங்கே பாவிக்கிற உங்கள் பெயரில் எழுதுவியுங்கள். பில் அவர் பெயரில் இருந்தால், முறைப்பாட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்று சிக்கல் வரலாம். கனடாவில் இருந்து பெட்டியில் வருகிற சாமான்களுக்கு இந்தச் சட்டம் எதுவுமே இல்லை. அங்கே 120 வோல்ட். எங்கள் பிளக்கில் நேரே குத்தினால் புகை வரும், முறையிட யாரும் இல்லை. ஒலிபெருக்கி கட்டிய வானில் வந்து ரைஸ் குக்கர், காற்றாடி விற்கிறவர்களிடம் வாங்கினால், கேட்காமலே வாகன இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பில் தராத வானிடம் பெரிய சாமான் வாங்காமல் விடுவது நல்லது.

கடைசியாகத் தவணை. நிறுத்தாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்: சாமான் வேலை செய்யவில்லை, நான் ஏன் காசு கட்ட வேணும்? முதலில் உங்கள் தாள்களை எடுத்து, தவணை யாருக்குப் போகிறது என்று பாருங்கள். கடையே கடன் தந்திருந்தால், மறுத்து எழுதும் கடிதத்திலேயே தவணையைப் பற்றியும் கேட்டுப் பேசலாம். ஆனால் நிதிக் கொம்பனி ஒன்று இடையில் இருந்தால், அது அநேகமாக வாடகைக் கொள்வனவு. கடைசித் தவணை கட்டும் வரைக்கும் பிரிட்ஜ் அவர்களுடையது. இந்த வகை ஒப்பந்தங்களுக்கு 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் இருக்கிறது. நீங்கள் நிறுத்தினால் தாமதக் கட்டணம் ஏறும், ஆட்கள் வந்து சாமானைத் தூக்குவார்கள், உங்கள் கையில் இருந்த ஒரே சாட்சிப் பொருளும் போய்விடும். அதோடு கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயர் விழுந்தால், நாளைக்கு உழவு மெசினுக்கோ வீட்டுக்கோ வங்கியில் கடன் கேட்கும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

அதனால் கட்டிக்கொண்டே வாருங்கள், ஆனால் பேசாமல் கட்டாதீர்கள். கடைக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதி ஒன்றை நிதிக் கொம்பனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, 'பிணக்கு இருக்கும் நிலையில், என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இந்தத் தவணைகளைக் கட்டுகிறேன்' என்று ஒரு வரி சேருங்கள். கட்டுகிற ஒவ்வொரு துண்டையும் பில்லோடு சேர்த்து வையுங்கள். காசைத் திருப்பித் தரச் சொல்லி அதிகார சபை கட்டளை போட்டால், கணக்குப் பார்ப்பது அந்தத் துண்டுகளை வைத்துத்தான்.